வெள்ளைக் குள்ளனும் நைனாவின் வரைபடமும்

சில மாதங்களுக்கு முன் ஓர் அமெரிக்கத் தொடருக்குத் தமிழில் சப்-டைட்டில் எழுதும் வேலை வந்தது. மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இப்போது வரும் வேலைகளில் பாதி இந்த வகைதான். ஒரு காட்சியில் நாலு பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இருந்து கதை சொல்கிறான். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் நடமாடும் ஆட்கள். இருட்டில் ஏதோ நகர்கிறது, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறான். இன்னொருவன் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுகிறான்.

வசனத்தில் 'டஞ்சன்' என்று ஒரு சொல். அகராதி நிலவறை என்கிறது, பாதாளச் சிறை என்கிறது. என் விரல்கள் அகராதியைக் கேட்கவில்லை. 'மைன்ஸ்' என்று தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு முந்தைய மொழிபெயர்ப்பு அது. செய்தவனும் நானேதான்.

1992-ல் எனக்குப் பதின்மூன்று வயது. கோலார் தங்க வயலில் சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். லைன் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். பின்னால் சயனைடு மேடு. தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையான மேடு. காற்றடிக்கும் மாதங்களில் அதிலிருந்து பறக்கும் தூசி சோற்றிலும் விழும், பாடப் புத்தகத்திலும் விழும். எங்கள் நோட்டுகளைப் புரட்டினால் நறநறவென்று சத்தம் கேட்கும்.

அந்த வருஷம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு ஆங்கிலப் பத்திரிகைகள் வந்து விழுந்தன. ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் பங்களாவைக் காலி செய்தபோது எடைக்குப் போட்டது என்று கடைக்காரர் சொன்னார். நாங்கள் மூன்று பேர் அந்தக் கடைக்கு வாடிக்கை. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்று எது வந்தாலும் எங்களுக்காக எடுத்து வைப்பார். இந்தக் கட்டை அவர் எங்களிடம் காட்டியதற்கு ஒரே காரணம், அட்டையில் பூதம் இருந்ததுதான். பதினோரு இதழ்கள். ஐந்து ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். இரும்புக்கை மாயாவியின் பழைய பிரதி ஒன்றை அதற்கு ஈடாகக் கொடுத்த நண்பனுக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

பத்திரிகையின் பெயர் 'ஒயிட் ட்வார்ஃப்'. லிஃப்கோ அகராதியை வைத்துக்கொண்டு 'வெள்ளைக் குள்ளன்' என்று பெயர்த்தேன். எங்கள் இயற்பியல் வாத்தியார் அதை வகுப்பில் பிடுங்கினார். பிரம்படி நிச்சயம் என்று நினைத்தேன். அவரோ தலைப்பைப் படித்துவிட்டு, "இது நட்சத்திரத்தின் பேருடா" என்றார். எரிந்து முடிந்து சுருங்கிப் போன நட்சத்திரத்தை அப்படித்தான் சொல்வார்களாம். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு இந்தக் குள்ளனைப் பற்றியதுதான் என்றும், அதையும் சேர்த்துத்தான் 1983-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்றும் அரை மணி நேரம் பாடம் நடத்தினார். உள்ளே புரட்டிப் பார்க்கவே இல்லை. விஞ்ஞானப் பத்திரிகை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னதும் தவறில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். குள்ளன், நட்சத்திரம் என்ற இரண்டு அர்த்தமும் தொனிக்கத்தான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். பலகை கிடையாது, காய் கட்டாயமில்லை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் ஏற்று, பேசியே விளையாட வேண்டும். ஜெயிப்பதும் தோற்பதும்கூடத் தெளிவாக இல்லை. லண்டனில் இயன் லிவிங்ஸ்டனும் ஸ்டீவ் ஜாக்சனும் அதை இறக்குமதி செய்து விற்றார்கள். முதலில் 'அவுல் அண்ட் வீசல்' என்று ஒரு செய்தி மடல், பிறகு 1977-ல் 'ஒயிட் ட்வார்ஃப்'. அமெரிக்காவில் அதற்கு ஒரு வருஷம் முன்பே 'டிராகன்' வந்துவிட்டது. 2007-ல் 'டிராகன்' அச்சில் வருவது நின்றது. 'ஒயிட் ட்வார்ஃப்' எண்பதுகளின் கடைசியிலேயே தன் சொந்தக் கம்பெனியின் பொம்மைப் படைகளுக்கான பத்திரிகையாக மாறிவிட்டது. லிவிங்ஸ்டன் இப்போது 'சர்' பட்டம் பெற்றவர். எங்கள் கையில் கிடைத்தது 1983, 84-ம் வருஷத்து இதழ்கள். அதன் நல்ல காலம் என்று பழைய வாசகர்கள் சொல்வது அந்த வருஷங்களைத்தான்.

இதெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரியாத இன்னொரு விஷயம்தான் முக்கியமானது. அது ஆட்டத்தின் விதிப் புத்தகம் அல்ல. விதிப் புத்தகம் தனியாக விற்கப்பட்டது. அதை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்காக வந்த பத்திரிகை இது. புதிய பூதங்கள், புதிய சாகசங்கள், விதிகளைப் பற்றி வாசகர்கள் போடும் சண்டைகள், நூல் மதிப்புரைகள், மலையளவு உடம்பும் சுண்டைக்காய்த் தலையுமாக ஒரு காட்டுமிராண்டி வீரனின் சித்திரக் கதை. எல்லாம் இருந்தன, விதி மட்டும் இல்லை. நன்னூல் கையில் இல்லாமல் அதன் உரையை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ் கற்றுக்கொள்வது மாதிரி. எம்.ஏ. வகுப்பில் மூல நூல் அழிந்து மேற்கோளில் மட்டும் பிழைத்திருக்கும் நூல்களைப் பற்றிப் பாடம் நடந்தபோது, பக்கத்து பெஞ்சுக்காரன் தூங்கினான். எனக்கு அது சொந்த விஷயமாக இருந்தது.

விதியை நாங்களே ஊகித்தோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நான் மொழிபெயர்த்து எழுதுவேன். ஒவ்வொரு பூதத்துக்கும் பக்கத்தில் 'எச்.பி.' என்று ஓர் எண். தங்க வயலில் எச்.பி. தெரியாத பையன் உண்டா? ஹார்ஸ் பவர். ஷாஃப்டில் கேஜை இறக்கி ஏற்றும் மோட்டாருக்கு எத்தனை எச்.பி. என்று பந்தயம் கட்டிப் பேசுகிற ஊர் அது. ஆகவே முப்பது எச்.பி. பூதம் என்றால் முப்பது குதிரை பலம். அடுத்தது 'ஏ.சி.'. அதுவும் தெரியும். சுரங்கத்தின் அடியாழத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டும், அதற்காகக் குளிரூட்டும் இயந்திரங்கள் உண்டு என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறோம். ஏ.சி. அதிகம் உள்ள பூதம் அதிக நேரம் தாக்குப் பிடிக்கும் என்று முடிவு செய்தோம். அது கவசத்தின் அளவு என்பதும், அந்தக் கால விதிப்படி எண் குறையக் குறையத்தான் கவசம் பலமானது என்பதும் தெரிந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. கதை சொல்கிறவருக்கு 'டி.எம்.' என்று பெயர் போட்டிருந்தது. சந்தேகமே இல்லை, டெபுடி மேனேஜர். நோட்டு என்னிடம் இருந்ததால் அந்தப் பதவி எனக்கு வந்தது.

இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? தாயக்கட்டை சரிப்படவில்லை. புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் பவுடர் டப்பாவில் ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பது என்று ஏற்பாடு. இன்று கணக்குத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள், எடுத்த சீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டால். நாங்கள் சில நாள் மறந்துவிடுவோம்.

நண்பர்கள் இருவரில் ஒருவன் வந்தியத்தேவன் ஆனான். இன்னொருவன் விடாப்பிடியாக மாயாவிதான் ஆவேன் என்றான், இரும்புக் கையோடு. இருவரையும் இந்தக் கட்டுரையில் அந்தப் பெயர்களாலேயே குறிப்பிடுகிறேன். பரமபதம் ஆடியிருக்கிறோம். அதில் காய் போகும், நாம் போவதில்லை. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனைக் கேள்வி கேட்கும் வேதாளம் நம்மைக் கேட்பதில்லை. இங்கே வேதாளம் நான், பதில் சொல்ல வேண்டியவர்கள் இவர்கள் இருவரும். விளக்கு எண்ணெய் தீரப்போகிறது, இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்டுவிட்டு நான் காத்திருப்பேன். தெருவிளக்கடியில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த அந்த நிமிஷங்களைப் போல அதற்குப் பிறகு வாழ்க்கையில் அதிகம் வாய்க்கவில்லை.

இனி நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். வடார்க்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். தாத்தா, நைனா இருவரும் அண்டர்கிரவுண்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. ஊர் முழுக்க அப்படித்தான். பகல் ஷிஃப்ட்காரர்களின் மகன்களான எங்களுக்கு பூதங்கள் உலவும் இங்கிலாந்துச் சுரங்கத்தைப் பற்றித் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூடக் காலடியில் இருந்த சுரங்கத்தைப் பற்றித் தெரியாது. நாங்கள் விளையாடிய தெருவுக்கு நேர் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை ஆள் நடமாட்டம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா நான் விரித்து வைத்திருந்த படத்தைப் பார்த்தார். பத்திரிகையில் வந்த ஒரு சாகசத்தின் வரைபடம். கட்டம் போட்ட தாள், கட்டத்துக்குப் பத்து அடி, அறைகள், நடைகள், கதவுகள்.

"இன்னாடா இது, வூட்டு பிளானா?"

"மைன்ஸ் நைனா."

கையில் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"லண்டன்காரன்."

"அவன் எறங்கிப் பாத்தவன் இல்ல." விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். "காத்து எங்கேர்ந்து வருது? இத்தினி ரூமுக்கும் ஒரு பொந்துதான் இருக்குது. தண்ணி ஊறுமே, பம்பு எங்க? மேல இருக்கிற கல்லை எது தாங்கிக்கினு இருக்குது? மரம் இல்ல, தூண் இல்ல." பிறகு, "எறங்க வழி இருக்குது. அது அடைஞ்சிட்டா? ரெண்டாவது வழி எங்கடா? சட்டமே இருக்குது, ரெண்டு வழி வெக்கணும்னு."

அவர் சொன்னது உண்மை. உலோகச் சுரங்கங்களுக்கான 1961-ம் வருஷத்து ஒழுங்குமுறை விதிகளில் அப்படி இருக்கிறது.

ஓர் அறையில் பூதம் இரண்டாயிரம் பொற்காசுப் பெட்டிக்குக் காவல் இருப்பதாகப் போட்டிருந்தது. அதைப் படித்துச் சொன்னேன். நைனா சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரிப்பது அபூர்வம். "எந்த மைன்ஸ்ல பொட்டில வெச்சிருக்கான்? டன்னு கணக்கா கல்லு ஒடச்சா குண்டுமணி வருது. அதும் கண்ணுக்குத் தெரியாது." பிறகு பூதத்தின் படத்தைக் காட்டி, "இது இன்னா துண்ணுது அங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. லண்டன்காரனிடமும் இல்லை. ஆனால் எண்பதுகளில் அந்தப் பத்திரிகை வாசகர்களும் இதே கேள்வியை எழுப்பிக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். பூட்டிய அறைக்குள் பூதங்கள் எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கின்றன என்பது அந்த ஆட்டத்தில் பெரிய சர்ச்சை.

அப்புறம் அவரே என் நோட்டை எடுத்து நடுப்பக்கத்தைப் பிரித்தார். பென்சிலைக் கேட்டார். லண்டன் படம் மேலேயிருந்து பார்த்து வரைந்தது. நைனா பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தது போல வரைந்தார். நட்ட நடுவில் ஷாஃப்ட். அதிலிருந்து வலமும் இடமுமாகக் கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு லெவல், லெவலுக்கு லெவல் சுமார் நூறடி. ரீஃப் நேராக இறங்காது, சாய்ந்து போகும் என்று சாய்வாக ஒரு நிழல் தீட்டினார். காற்று போகும் வழிக்கு அம்புக்குறி. பம்பு இருக்கும் இடத்துக்கு வட்டம். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கதான் பம்பாய்க்காரங்க இரும்புத் தகடு அடுக்கி வெச்சிக்கினு குந்தியிருந்தாங்க. வானத்திலேர்ந்து எதுவோ வருதாம், புடிக்கிறாங்களாம். பூமிக்குள்ள குந்திக்கினு வானத்தப் பாக்கிறவன் அவன்தான்" என்றார்.

டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளைச் சொல்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. 1965-ல் அவர்களும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வளி மண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோவின் தடயத்தை சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டே கால் கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பிடித்தார்கள். உலகத்தில் முதலில் பிடித்தவர்களில் அவர்கள் சேர்த்தி. பிறகு எண்பதுகளில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க இரும்புத் தகடுகளை அடுக்கி ஒரு சோதனை நடந்தது. அதைத்தான் நைனா பார்த்திருக்கிறார்.

நோட்டின் பக்கம் தீர்ந்துவிட்டது. அவர் வேலை செய்யும் லெவல் இன்னும் வரவில்லை. "கீழ இன்னொரு பேப்பர் ஒட்டு" என்றார். சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். அதிலும் வரைந்தார். முடித்தபோது அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். போகும்போது சொன்னார்: "பிசாசெல்லாம் எதுக்குடா? கல்லு விழும், அதப் போடு. அது போதும்."

போட்டேன். மறுநாள் முதல் எங்கள் ஆட்டத்தில் பூதங்கள் குறைந்தன. காற்று நின்றால் என்ன, தண்ணீர் ஏறினால் என்ன, கேஜ் பழுதானால் என்ன என்று புது விதிகள். ஒன்றாம் எண் சீட்டு வந்தால் கல் விழும். வந்தியத்தேவன் முணுமுணுத்தான், ராஜகுமாரி எவளும் இல்லாத ஆட்டம் என்று. மாயாவிக்குப் பிடித்துப் போயிற்று. அவன் அப்பாவும் கீழே இறங்குகிறவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு மாயாவி சீட்டெடுத்தான், ஒன்று வந்தது. டெபுடி மேனேஜர் என்ற முறையில் அறிவித்தேன்: கல் விழுந்தது, கால் போயிற்று. இரும்புக் கைக்கு இரும்புக் கால் துணை என்று சிரித்துக்கொண்டே அவன் எழுந்து வீட்டுக்குப் போனான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேளையில்லாத வேளையில் சங்கு ஊதியது. தங்க வயலில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு விளக்க முடியாது. லைனில் ஒரு வீட்டில்கூட அடுப்பு எரியவில்லை. பெண்கள் அப்படியே போட்டது போட்டபடி ஷாஃப்டை நோக்கி நடந்தார்கள். நடை அல்ல, ஓட்டமும் அல்ல. நைனா இருட்டிய பிறகு வந்தார். மாயாவியின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். கல் விழுந்திருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மாயாவி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, பூதம் போட்ட அட்டையைக் காட்டி, இதையெல்லாம் வீட்டில் வைத்திருக்கலாமா என்று என் அம்மாவைக் கேட்டார்கள். சண்டை போடவில்லை. கேட்டுவிட்டுப் போனார்கள். பதினோரு இதழ்களும் வந்த கடைக்கே எடைக்குப் போயின. நோட்டு அடுப்புக்குப் போயிற்று என்று அம்மா சொன்னாள்.

பிறகு ஒரு நாள் அமெரிக்காவின் எண்பதுகளைப் பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தபோது, அங்கேயும் இதே கதைதான் என்று தெரிந்தது. இந்த ஆட்டம் பிள்ளைகளைப் பேய்களிடம் கொண்டு சேர்க்கிறது என்று பெற்றோர்கள் நம்பினார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் 1983-ல் இதற்கெதிராக ஓர் அமைப்பையே தொடங்கினார். தொலைக்காட்சியில் விவாதங்கள், தேவாலயங்களில் எச்சரிக்கைகள். அந்த அமெரிக்கத் தாயைக் கேலி செய்யும் வரிகள் அந்தக் கட்டுரையில் இருந்தன. மொழிபெயர்த்தேன், ஆனால் கை தயங்கியது. எங்கள் வாசலில் வந்து நின்ற அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கும் அதே நம்பிக்கைதான். நான் சொன்னதால்தான் கல் விழுந்தது. மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கடைசியில் நைனாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தெனம் விழுதுடா. நீ வெளயாடாத நாள்லயும் விழுது."

அதற்கப்புறம் சுரங்கத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசவேயில்லை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் நூற்றிருபது வருஷம். நான் அப்போது எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து தமிழ் படித்தவன் என்று யாராவது வியந்தால் எனக்குக் கோபம் வரும். அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் நடத்திய 'தமிழன்' பத்திரிகை அவருக்குப் பிறகு, இருபதுகளில், அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் மறுபடியும் வெளிவந்தது சாம்பியன் ரீஃபிலிருந்துதான். பத்திரிகை எங்கள் ஊருக்கு எடைக்கு மட்டும் வந்த சரக்கல்ல. மூடிய பிறகு பம்புகள் நின்றன, நைனா வட்டம் போட்டுக் காட்டிய இடமெல்லாம் தண்ணீர் ஏறியது. ஊர் காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்பும் ஊராயிற்று. 2018-ல் எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கன்னடப் படம் வந்து நாடெங்கும் ஓடியது. பெயரைச் சொன்னால் இப்போது எல்லோரும் அந்தப் படத்தின் பின்னணி இசையை வாயால் போட்டுக் காட்டுகிறார்கள். படத்தில் வரும் சுரங்கத்தையும் யாரோ இறங்கிப் பார்க்காதவர்தான் வரைந்திருக்கிறார்.

லண்டனில் இருக்கும் ஒரு நண்பர் போன வருஷம் 'ஒயிட் ட்வார்ஃப்' பழைய பிரதிகள் இரண்டை அனுப்பி வைத்தார். நடுவயதில் படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. டேவ் லாங்ஃபோர்டின் நூல் மதிப்புரைகளில் உள்ள குறும்பு அன்று எனக்குத் துளியும் எட்டவில்லை. பத்திரிகையாளன் பொறாமைப்படும் எழுத்து. விளம்பரங்கள் சுவாரஸ்யம். தன் ஊரில் சேர்ந்து விளையாட ஆள் கிடைக்குமா என்று தவிக்கும் பையன்கள் அந்தக் கடிதங்களில் தெரிகிறார்கள். மூன்று பேர் கிடைத்த நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

உறுத்துவது ஒன்றுதான். இந்தச் சாகசங்களில் சுரங்கம் எப்போதும் கைவிடப்பட்ட சுரங்கம். தோண்டியவர்கள் குள்ளர்கள் என்று ஒரு வரி வரும். அவர்கள் செத்துப் போயிருப்பார்கள், அல்லது போய்விட்டிருப்பார்கள். டோல்கீன் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் எழுதிய மோரியா முதலே அதுதான் வழக்கம். வீரர்கள் இறங்குவது அதற்கப்புறம், மிச்சமிருப்பதை அள்ள. தோண்டியவன் வீட்டில் அன்றிரவு என்ன சமைத்தார்கள் என்று யாரும் பகடை உருட்டிப் பார்ப்பதில்லை. நான் தமிழ் படித்தவன், நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பராமாயணத்தில் கிட்கிந்தா காண்டத்தில் சீதையைத் தேடிப்போகும் வானரர்கள் ஓர் இருட்டுக் குகைக்குள் அனுமனை நம்பிப் போவார்கள். உள்ளே ஒரு பொன் நகரம் இருக்கும். வெளியேறத் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள். அதிலும் தோண்டிய கூலிக்காரன் இல்லை. ஆனால் அந்தப் படலத்தின் பெயர் 'பிலம் புக்கு நீங்கு படலம்'. புகுவதோடு நீங்குவதையும் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள். நைனா படித்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

பிரதிகள் வந்ததும் மாயாவிக்கு போன் செய்தேன். பெங்களூரில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பராமரிப்பு வேலை. தினமும் ரயில். ஞாயிற்றுக்கிழமை வந்தான். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த பூதத்துக்கு எத்தினி எச்.பி.?" என்றான். அவன் அப்பா கட்டைக் காலோடு இருபது வருஷம் இருந்து போய்ச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை சீட்டைப் பற்றி முதல் தடவையாகப் பேசினோம். அம்மாவிடம் சொன்னது தப்பு என்று முப்பது வருஷமாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். சீட்டைத் திருப்பிப் போடாமல் குலுக்கியது நான்தான், இல்லாவிட்டால் ஒன்று வந்திருக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் டீ குடித்தோம். சப்-டைட்டில் விஷயத்தைச் சொன்னேன். மைன்ஸ் என்பதை அழித்துவிட்டு 'சுரங்கம்' என்று எழுதி அனுப்பினேன், சரிபார்ப்பவர் அதை 'நிலவறை' என்று திருத்திவிட்டார் என்றேன். "ஏன் வுட்ட?" என்றான்.

நைனா 2009-ல் காலமானார். கடைசி இரண்டு வருஷம் மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. காரியம் முடிந்து தகரப் பெட்டியைத் திறந்தோம். பி.எஃப். காகிதங்கள், சர்வீஸ் சர்டிஃபிகேட், சங்க ரசீதுகள். அவற்றுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு நோட்டுத் தாள். அம்மா அடுப்பில் போட்டதாகச் சொன்ன நோட்டின் நடுப்பக்கம். ஷாஃப்ட், லெவல்கள், காற்றுக்கு அம்புக்குறி, பம்புக்கு வட்டம், ரீஃபின் சாய்ந்த நிழல். வலது ஓரத்தில் இரண்டாவது வழி, அதை மட்டும் இரண்டு முறை அழுத்தி வரைந்திருக்கிறார். தாளின் கீழ் விளிம்பில் சோறு காய்ந்த கறை இருக்கிறது. அதற்குக் கீழே ஒட்டியிருந்த தாளை, அவர் வேலை செய்த லெவல் இருந்த தாளை, பெட்டி முழுக்கத் தேடினோம். இல்லை.